ரேஷன் அரிசியைக் கிடங்கிலிருந்தே பின்தொடர்வது

ரேஷன் கடை ஊழலைத் தொழில்நுட்பத்தால் ஒழித்துவிடலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், கடைக்காரரின் மேசைமேல் இருக்கும் கைரேகைக் கருவிதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. நானோ இந்தப் பேச்சைச் சத்தீஸ்கரிலிருந்து தொடங்கவே விரும்புகிறேன். பொது விநியோகத்தில் கணினியை உருப்படியாகப் பயன்படுத்திக் காட்டிய அந்த மாநிலத்தில், தொடக்க ஆண்டுகளில் யாருடைய விரலையும் எவரும் கேட்கவில்லை.

அரசுக் கிடங்கிலிருந்து வெளியேறும் தானியத்தின் அளவையும், தேசிய மாதிரி ஆய்வில் குடும்பங்கள் தாங்கள் வாங்கியதாகச் சொல்லும் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து, இடையில் மறைந்தது எவ்வளவு என்று பொருளியலாளர்கள் கணக்கிடுவது வழக்கம். அந்தக் கணக்கின்படி 2004-05இல் சத்தீஸ்கரில் ஏறத்தாழப் பாதித் தானியம் மக்களைச் சென்றடையவே இல்லை. 2009-10க்குள் அந்த இழப்பு பத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் நேர்ந்த இந்த மாற்றத்தைக் கணினியின் சாதனை என்று மட்டும் எழுதிவிட்டால், அதற்கு முன் நடந்த கடினமான வேலையை மறைத்தவர்களாகிவிடுவோம்.

முதலில், 2004இல் கொண்டுவரப்பட்ட கட்டுப்பாட்டு ஆணையின் மூலம் ரேஷன் கடைகள் தனியார் முதலாளிகளிடமிருந்து பறிக்கப்பட்டு, கிராமப் பஞ்சாயத்துகளிடமும் மகளிர் சுய உதவிக் குழுக்களிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் ஒப்படைக்கப்பட்டன. கடை நடத்துவோருக்கான கமிஷன் குவிண்டாலுக்கு 8 ரூபாயிலிருந்து 45 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எட்டு ரூபாயில் கடை நடத்தச் சொல்வதும் திருடச் சொல்வதும் ஒன்றுதான் என்பதை அரசு ஒப்புக்கொண்ட தருணமாகவே இதை நான் பார்க்கிறேன். கடைக்காரர் கிடங்குக்குப் போய்ச் சரக்கு எடுத்துவரும் பழைய முறை மாறி, அரசே லாரியில் ஏற்றிக் கடை வாசலில் இறக்கத் தொடங்கியது. அந்த லாரிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசப்பட்டதால், அவற்றில் ஒன்று சந்தையில் நின்றாலே அது எதற்காக வந்தது என்று ஊரார் கேட்க முடிந்தது.

இந்த அடித்தளத்தின் மேல்தான் 2007ஐ ஒட்டி, தேசியத் தகவல் மையத்தின் உதவியோடு கணினி வந்து அமர்ந்தது. மாநிலத்தின் அனைத்துக் குடும்ப அட்டைகளும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டன. எந்தக் கடைக்கு எத்தனை மூட்டை என்பதை, அந்தக் கடையின் அட்டைகளின் எண்ணிக்கையையும் கையில் மிஞ்சியிருக்கும் இருப்பையும் கொண்டு கணினியே தீர்மானித்ததால், ஒதுக்கீட்டைக் கூட்டியும் குறைத்தும் எழுதும் அதிகாரம் இடையிலிருந்த அலுவலர்களின் கையைவிட்டுப் போயிற்று. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதற்கு அடுத்தது: விரும்பிய எவரும் தம் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்துகொண்டால், கிடங்கிலிருந்து லாரி புறப்பட்டவுடன் வண்டியின் எண்ணும் சரக்கின் அளவும் குறுஞ்செய்தியாக வந்துவிடும். அரசு மக்களைக் கண்காணிப்பதற்குப் பதிலாக, மக்கள் அரசைக் கண்காணிக்க வழி செய்த தொழில்நுட்பம் இது.

இதிலும் ஓட்டை இருந்தது. 2015 பிப்ரவரியில் அதே மாநிலத்தின் குடிமைப் பொருள் கழக அலுவலகங்களில் ஊழல் தடுப்புப் பிரிவு சோதனை நடத்தியபோது எழுந்த முக்கியக் குற்றச்சாட்டு, தரமற்ற அரிசியைக் கையூட்டு பெற்றுக்கொண்டு உள்ளே அனுமதித்தார்கள் என்பதுதான். கணினிக்கு மூட்டையின் எண்ணிக்கை தெரியும். உள்ளே இருப்பது கல்லும் குருணையுமா என்பது தெரியாது.

ஜார்க்கண்டின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. அங்கே ஆதார் எண்ணும் கைரேகையும் கடை வாசலில் கட்டாயமாக்கப்பட்டன. அங்கு நடைபெறும் திருட்டோ பெரும்பாலும் ஆள்மாறாட்டம் அல்ல, எடைக்குறைப்பு. 35 கிலோவுக்கு விரல் வைத்துவிட்டு 32 கிலோவை வாங்கிச் செல்லும் ஏழையின் கைரேகை, திருடப்பட்ட மூன்று கிலோவுக்கும் சேர்த்தே சாட்சி சொல்லிவிடுகிறது. கைரேகைச் சரிபார்ப்பு மட்டும் கசிவைக் குறைக்கவில்லை என்றும், ஆதார் இணைக்காத குடும்பங்களில் ஒரு பகுதியினர் பொருளை இழந்தனர் என்றும் அந்த மாநிலத்தில் நடந்த பெரிய கள ஆய்வு காட்டியது. 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு சிறுமி இறந்தபோது, ஆதாருடன் இணைக்கப்படாததால் அவள் குடும்பத்தின் அட்டை நீக்கப்பட்டிருந்தது நாடெங்கும் செய்தியானது. அவள் பட்டினியால் இறக்கவில்லை, மலேரியாவால் இறந்தாள் என்று நிர்வாகம் வாதிட்டது. அட்டை ஏன் நீக்கப்பட்டது என்ற கேள்வியை அந்த வாதம் தொடவே இல்லை என்பது இன்றும் என்னைக் கோபப்படுத்துகிறது.

தமிழ்நாட்டில் அட்டைதாரர்கள் அனைவருக்கும் பொதுவான விநியோகம் நடைபெறுவதால், ஏழை யார் என்று தேர்ந்தெடுப்பதில் பிற மாநிலங்களில் நடக்கும் முறைகேடு இங்கே குறைவு. 2017இல் ஸ்மார்ட் அட்டை வந்தது. 2020 அக்டோபரில் கைரேகை முறை வந்தது. வயல் வேலையிலும் கட்டட வேலையிலும் ரேகை தேய்ந்தவர்களை அது அலைக்கழித்த பிறகே, கருவிழிப் பதிவு போன்ற மாற்று வழிகள் சேர்க்கப்பட்டன. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள்களைக் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதை நான் மனமார வரவேற்கிறேன்.

இவற்றுள் சாதாரண மக்களுக்கு உண்மையிலேயே ஓர் ஆயுதமாக அமைந்தது, பொருள் வாங்கியதும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திதான் என்பேன். வாங்காத பருப்புக்குச் செய்தி வந்ததைக் காட்டிக் கடையிலேயே வழக்காடிப் பருப்பை வாங்கி வந்த பெண்களை எங்கள் தெருவில் எனக்குத் தெரியும். செய்தி வந்ததால்தான் அவர்களுக்குத் திருட்டு தெரிந்தது. கையில் சான்று இருந்ததால்தான் அவர்களால் பேச முடிந்தது.

இப்போது கடையின் மின்னணுத் தராசை விற்பனைக் கருவியோடு இணைத்து, சரியான எடை வைத்தால்தான் ரசீது வரும் என்று ஆக்கியிருக்கிறார்கள். சரியான இடத்தைத் தொட்ட முயற்சி இது. கிடங்கிலிருந்து வரும் மூட்டையிலேயே சில கிலோ குறைகிறது என்று விற்பனையாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறையீட்டை அப்படியே விட்டுவிட்டு, கடைசித் தராசை மட்டும் பூட்டினால், குறையும் அரிசியை அவர்கள் தம் சம்பளத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும் அல்லது வரிசையில் நிற்பவர்களில் யாரிடமிருந்தாவது எடுக்க வேண்டும். ஆகவே அதே போன்ற தராசைக் கிடங்கின் ஏற்றுமிடத்திலும் கடையின் இறக்குமிடத்திலும் வைத்து, மூட்டைக்கு மூட்டை எடை பதிவாகி, அந்த எண்கள் கடைப் பலகையிலும் இணையத்திலும் அன்றன்றே எவரும் பார்க்கும்படி வெளியாக வேண்டும் என்று உணவுத் துறையிடம் கேட்கிறேன்.