ஆங்கிலத்துக்கும் ஒரு சப்டைட்டில்

நேற்றிரவு 'டெர்ரி கேர்ள்ஸ்' தொடரை மறுபடி பார்க்கத் தொடங்கியவன், சில நிமிடங்களிலேயே ரிமோட்டைத் தேடி எடுத்து சப்டைட்டிலை ஓடவிட்டேன்.

ஆங்கிலத் தொடருக்கு ஆங்கிலத்திலேயே சப்டைட்டில்!

வெட்கப்பட ஒன்றுமில்லை, கதைக்குள் வரும் இங்கிலாந்துப் பையன் ஜேம்ஸே வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துப் பேச்சில் திணறுகிறான்.

லிசா மெக்கீ எழுதி, 2018 முதல் 2022 வரை பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் வந்து, நெட்ஃபிளிக்ஸ் வழியாக அயல்நாடுகளுக்குப் போன இத்தொடர், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் எனப் பிரிந்து மோதிய வட அயர்லாந்தின் கலவர வரலாற்றை நின்று விளக்குவதே இல்லை. பாலத்தில் வெடிகுண்டு என்று செய்தி வரும்போது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே கிடப்பார்களே என்றுதான் தாய் நொந்துகொள்கிறாள். அந்தச் சலிப்பைப் புரிந்துகொள்ள எந்த நாட்டவருக்கும் அடிக்குறிப்பு வேண்டியதில்லை.

கரும்பலகைக் காட்சிதான் எனக்கு உச்சம். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட்டுகளுக்கும் உள்ள ஒற்றுமைகளைக் கேட்டால் இரு தரப்புப் பிள்ளைகளும் விழிக்கிறார்கள். வேற்றுமைகளோ பலகையை நிரப்புகின்றன. புராட்டஸ்டன்ட்டுகள் டோஸ்டரை அலமாரிக்குள் வைப்பார்களாம்!

முதல் முறை அதை வெறும் கிறுக்குத்தனம் என்று நினைத்துச் சிரித்தேன். அக்கம்பக்கத்தில் வாழ்ந்தும் ஒருவர் அடுக்களையை மற்றவர் வதந்தியாகவே அறிந்திருக்கிறார்கள் என்பது நேற்றுதான் உறைத்தது.

அந்தப் பலகை பின்னர் பெல்ஃபாஸ்ட்டின் அல்ஸ்டர் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது, டோஸ்டர் வரியோடு.