ஓலாவ் பாதையில் ஒரு லுத்தரன்

நார்வேயின் தலைநகரான ஓஸ்லோவிலிருந்து வடக்கே ட்ரோண்ட்ஹெய்ம் நகரின் நிடாரோஸ் பேராலயம் வரை 643 கிலோமீட்டர் நீளும் புனித ஓலாவ் பாதை, அதாவது பதினோராம் நூற்றாண்டு நார்வே அரசர் ஓலாவின் கல்லறையை நோக்கிய பழைய யாத்திரை வழி, காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டத்தைப் பார்த்துப் பழகிய நமக்குச் சற்று விநோதமாகவே தோன்றும். இங்கே கொடி இல்லை, பாட்டு இல்லை, வழியில் நீர்மோர்ப் பந்தலும் இல்லை. காலையிலிருந்து மாலை வரை நடந்தாலும் எதிரே ஒருவர்கூட வராத நாட்கள் உண்டு. சிலுவைக் குறி பொறித்த மரக்கம்பங்கள் வயல் ஓரத்திலும் காட்டிலும் வழிகாட்டிக்கொண்டே வருகின்றன. நிடாரோஸுக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும் கற்கள் அங்கங்கே நிற்கின்றன.

நான் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். மீட்பு என்பது கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு வருவது என்றும், நடந்தோ முழங்காலிட்டோ அதைச் சம்பாதிக்க முடியாது என்றும் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்துவைத்த வீடு எங்களுடையது. நான் இப்படியொரு நடைப்பயணம் போகிறேன் என்றதும், "நாம என்ன வேண்டுதலா வச்சிருக்கோம்?" என்று அத்தை கேட்டதில் வியப்பில்லை. கேள்வி நியாயமானதுதான். 1537இல் டென்மார்க்கையும் நார்வேயையும் சேர்த்து ஆண்ட மூன்றாம் கிறிஸ்தியான் மன்னர் லுத்தரன் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தபோது இந்த யாத்திரை நின்றுபோனது; ஓலாவின் உடல் வைக்கப்பட்டிருந்த வெள்ளிப் பேழை டென்மார்க்குக்குக் கொண்டுபோகப்பட்டு உருக்கப்பட்டது. அதே அரச வம்சத்தில் வந்த நான்காம் பிரெடரிக் அனுப்பிவைத்த மிஷனரிகள்தான் 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவும் புளுட்சோவும். ஆக, என் முன்னோருக்குச் சுவிசேஷத்தை அனுப்பிய அதே அரியணை காலியாக்கிவிட்ட ஒரு கல்லறையை நோக்கித்தான் நான் நடந்தேன். பாதை மறுபடியும் முறையாகத் திறக்கப்பட்டது 1997இல்.

ஓலாவ் எனக்கு எளிதான புனிதர் அல்ல. 1030ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் ஸ்திக்லெஸ்தாட் போரில் கொல்லப்பட்ட இந்த அரசர், மறு ஆண்டே புனிதராக அறிவிக்கப்பட்டார். குட்பிராண்ட்ஸ்டால் பள்ளத்தாக்கில் உள்ள ஹுண்டார்ப் என்னும் ஊரில் அவரைப் பற்றிய பெயர்பெற்ற கதை ஒன்று உண்டு. அவ்வூர்த் தலைவர் குட்பிராண்ட் வழிபட்ட தோர் தெய்வத்தின் சிலைக்கு நாள்தோறும் ரொட்டியும் இறைச்சியும் படைக்கப்பட்டனவாம். விடியும் வேளையில் ஓலாவ் கிழக்கே கைகாட்டி, எங்கள் கடவுள் ஒளியோடு வருகிறார் பாருங்கள் என்று சொல்ல, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவருடைய ஆள் தடியால் ஓங்கி அடித்துச் சிலையை உடைத்தானாம். உள்ளிருந்து பெருத்த எலிகளும் பாம்புகளும் ஓடினவாம். ஞானஸ்நானம் பெறுங்கள், இல்லையேல் போருக்கு வாருங்கள் என்பதே அரசர் தந்த தெரிவு. அவ்வூரைக் கடக்கும்போது என்னால் ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை. தரங்கம்பாடியில் சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதிப் பழகிய சீகன்பால்குதான் நினைவுக்கு வந்தார். அவரிடமும் குறைகள் இருந்தன; ஆனால் அவர் கையில் தடி இல்லை.

சங்கீதப் புத்தகத்தில் 120 முதல் 134 வரை உள்ள பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள். எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர் பாடியவை என்று சொல்வார்கள். நாளுக்கு ஒன்றாக அவற்றை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நடந்தேன். கேட்க ஆள் இல்லாததால் வெட்கப்படவும் தேவை இருக்கவில்லை. தொடக்கத்தில் என் ஜெபம் முழுவதும் மன்றாட்டாகவே இருந்தது: வீட்டார், கடன், உடல்நலம், சபையில் நடக்கும் சண்டை. ம்யோசா ஏரிக்கரையோரம் ஹாமரின் இடிந்த பேராலயத்தையும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் மரத்தாலேயே எழுப்பப்பட்ட ரிங்கெபு ஆலயத்தையும் தாண்டிய பிறகு அந்தப் பட்டியல் தீர்ந்துபோனது. கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் நடப்பது முதலில் வெறுமையாக இருந்தது. பிறகு வாயில் வந்ததெல்லாம் நன்றிதான்: சதுப்பு நிலத்தின் மேல் இரண்டு இரண்டாகப் போடப்பட்ட பலகைகளுக்கு, அவற்றைப் போட்ட முகம் தெரியாத கைகளுக்கு, ஓடையில் அப்படியே அள்ளிக் குடிக்கக்கூடிய தண்ணீருக்கு. அத்தையின் கேள்விக்கு அப்போதுதான் எனக்கு விடை கிடைத்தது. இது வேண்டுதல் அன்று. ஏற்கெனவே பெற்றுக்கொண்டதற்கு நடந்துபோய்ச் சொல்லும் ஸ்தோத்திரம். இதில் லுத்தர் கோபப்பட ஒன்றும் இல்லை என்றே எண்ணுகிறேன்.

இரவுத் தங்கல் பெரும்பாலும் பண்ணை வீடுகளில்தான். ஒரு பண்ணையில் கூரைமேல் புல் முளைத்த பழைய தானியக் கொட்டகையில் படுக்கை போட்டிருந்தார்கள். மேசையில் ரொட்டியும், உப்பிட்ட பால்கோவா போலிருக்கும் பழுப்புப் பாலாடைக்கட்டியும், பணம் போடுவதற்கு ஒரு தகரப் பெட்டியும் இருந்தன. வீட்டுக்காரரை நான் கடைசிவரை பார்க்கவே இல்லை.

டோவ்ரே மலைப் பீடபூமிதான் பாதையின் கடினமான பகுதி. மரங்கள் முடிந்து, பாசியும் கல்லும் காற்றும் மட்டும் எஞ்சுகின்றன. பனிக்கால உரோமத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு திரியும் கஸ்தூரி எருதுகளிடமிருந்து குறைந்தது 200 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்று எச்சரிக்கிறார்கள். ஐஸ்டீன் மன்னர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழிப்போக்கர்களுக்காக இங்கே தங்குமனைகள் கட்டினார். அவர் பெயரால் 1969இல் எழுந்த சிற்றாலயம் ஒன்று ஹ்யெர்கினில் இருக்கிறது. மேகம் விலகி 2,286 மீட்டர் உயரமுள்ள ஸ்னோஹெட்டா சிகரம் தெரிந்தபோது 121ஆம் சங்கீதம் தானாக வாயில் வந்தது: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." ஒத்தாசை பர்வதத்திலிருந்து அல்ல, வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து வருகிறது என்று அடுத்த வசனமே சொல்லிவிடுவதால், மலையைப் பார்த்து மெய்மறந்து நிற்பதிலும் தவறில்லை.

ட்ரோண்ட்ஹெய்மை நெருங்கும் மேட்டிலிருந்து பேராலயம் முதன்முதலாகக் கண்ணுக்குப் படும் இடத்தில் முற்கால யாத்திரிகர்கள் முழங்காலிட்டார்களாம். நான் முதுகுப்பையை இறக்கிவைத்து நின்றேன். பிறகு மரபுப்படி ஆலயத்தை மூன்று முறை சுற்றி வந்து உள்ளே போனேன். பேழை இல்லை. ஓலாவின் உடல் அந்த ஆலயத்துக்குள் எந்த இடத்தில் புதைக்கப்பட்டிருக்கிறது என்பது இன்று யாருக்கும் தெரியாது. அது எனக்கு ஏமாற்றமாக இல்லை. உயிர்த்தெழுந்தவரை ஆராதிக்கிற சபைக்குக் காலியான கல்லறை புதிதன்று.

மறுநாள் ஆராதனை நார்வேஜிய மொழியில் நடந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனாலும் பாவ அறிக்கை, 'கர்த்தாவே இரங்கும்', விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், திருவிருந்து என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த வரிசை எங்கள் ஊர் ஆலயத்து வரிசையாகவே இருந்ததால், எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்பதற்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் தங்கள் மொழியில் பரமண்டல ஜெபத்தைச் சொன்னார்கள். நான் தமிழில் சொன்னேன். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆமென் சொன்னோம்.