வரவுப் பக்கம்

போன கார்த்திகையில் ஒரு பின்னேரம், பக்கத்து வீட்டுப் பிள்ளை தடித்த போட்டோகொப்பிக் கட்டு ஒன்றோடு வந்து விறாந்தையில் இருந்தாள். 2025 மே 6 இலங்கை உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் பிரதேச சபைக்குப் பட்டியலில் தெரிவானவள். முன் அனுபவம் என்று பார்த்தால் மாதர் சங்கத்துப் பொருளாளர் பதவி மட்டும்தான்.

"மாமா, அடுத்த வருசப் பாதீடு. வாற கிழமை சபைக்கு வருது. இதில நான் எதைப் பாக்கவேணும்?"

இருபத்தாறு வருடம் சபைகளின் கணக்குக் கிளையில் இருந்தவனிடம் இப்படிக் கேட்டால் லேசில் எழும்ப விடுவானா? தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது.

அவள் அடையாளம் வைத்திருந்தது எல்லாரும் வைக்கிற பக்கத்தில்தான்: மூலதனச் செலவு. எந்த ஒழுங்கைக்குக் கிறவல், எந்த மதகு, எத்தனை தெருவிளக்கு. நான் வேலை பார்த்த சபைகளில் பாதீட்டு விவாதம் என்பதே அதுதான். இருக்கிற காசை உறுப்பினர் தொகையால் பிரித்து ஆளுக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும். ஒரு வீதியைக்கூட ஒழுங்காகப் போடக் காணாத காசு, இருபது துண்டாகி இருபது ஒழுங்கையில் கொட்டப்படும். அடுத்த மாரிக்கு அந்தக் கிறவல் வாய்க்காலுக்குள் கிடக்கும்.

"அதை விடு பிள்ளை, முன்பக்கத்துக்குப் போ, வரவுப் பக்கம்" என்றேன்.

எங்களுக்குப் புத்தி சொல்ல வந்த ஆலோசகர்களும் அந்த முன்பக்கத்தில் அதிகம் நின்றதில்லை. 2010இல் உலக வங்கிக் கடனில் நெல்சிப் தொடங்கியது. வடக்கு கிழக்கு உள்ளூர்ச் சேவைகளுக்கான திட்டம். முழுப் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. அந்தக் காலத்திலும் பிறகும் வெளிநாட்டு நிபுணர்கள் பலர் வந்து போனார்கள். நல்ல மனிதர்கள், வெயிலுக்கு முகம் சிவந்தாலும் சிரித்தபடி இருப்பார்கள். ஒருவருக்கு நான் மொழிபெயர்ப்பாளனாகச் சனசமூக நிலையம் ஒன்றுக்குப் போனேன். அவர் அடிக்கடி பாவித்த "ஸ்டேக்ஹோல்டர்" என்ற சொல்லுக்கு, பயிற்சிப் புத்தகத்தில் இருந்தபடி "பங்குதாரர்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கூட்டம் முடிய ஒரு கிழவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, சபையில் தனக்கு எத்தனை பங்கு இருக்கிறது, இலாபம் எப்ப பிரிப்பார்கள் என்று கேட்டார்.

அன்றைக்கு நிபுணர் சொன்ன கதை பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தைப் பற்றியது. 1989இல் இருந்து அங்கே சனங்கள் கூடி நகரசபைப் பாதீட்டில் எதை முதலில் செய்வது என்று முடிவெடுத்தார்கள்; உலகம் முழுக்க அதைப் பார்த்துப் படித்தது. படங்கள் காட்டினார். அதே கிழவர் எழும்பி, "அந்த ஊர்ச் சபைக்குக் காசு எங்காலை வந்ததாம்?" என்றார். நிபுணரிடம் அதற்குப் படம் இல்லை.

பிறகு நானே தேடி வாசித்தேன். கிழவர் கேட்டது சரியான கேள்வி. அந்த நகரத்திலும் தொடக்கத்தில் வருமானத்தைச் சம்பளமே விழுங்கிக்கொண்டிருந்தது. 1988 அரசியலமைப்பு நகரங்களுக்கான வரிப்பங்கைக் கூட்டியது, நகரசபை சொத்துவரியைத் திருத்தியது, அதன் பிறகுதான் சனங்கள் கூடிப் பிரிக்க ஏதாவது மிஞ்சியது. கேரளத்திலும் அப்படித்தான். 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலம் தன் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவெடுத்திருந்தது. எங்களுக்குக் கூட்டம் கூடும் முறைமட்டும் இறக்குமதியானது.

சரி, முன்பக்கம். நிரந்தர ஊழியர் சம்பளத்தின் பெரும்பகுதியை மாகாணம் வழியாக அரசு மீளளிக்கும். அது வரும் போகும், சபைக்கு அதில் சொல் இல்லை. மிச்சம்தான் சபையின் சொந்தக் கை: ஆதனவரி, சந்தைக் குத்தகை, அனுமதிப்பத்திரக் கட்டணம், எங்கள் எல்லைக்குள் காணி கைமாறும்போது வரும் முத்திரைவரி, நீதிமன்றத் தண்டப்பணம். கடைசி இரண்டும் மாகாணத்தைச் சுற்றி வருவதால் எப்ப வரும் என்று முருகனுக்குத்தான் தெரியும்.

"முத்திரைவரிக்கு இந்தத் தொகை எப்பிடி வந்தது?" என்று அவள் கேட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. எப்படி வந்ததென்று எனக்குத் தெரியும். செலவை முதலில் எழுதிக் கூட்டுவோம். துண்டு விழும். துண்டு விழும் பாதீட்டைச் சபைக்குக் கொண்டுபோக முடியாது. அப்போது வரவுப் பக்கத்தில் யாரும் நெற்றி சுருக்காத வரவினம் ஒன்றைத் தேடி, அதை ஊதி விடுவோம். முத்திரைவரி அதற்கு வாய்ப்பானது. கனடாக்காரர் எத்தனை பேர் வருகிற வருடம் காணி விற்பார்கள் என்று யார் கணக்குச் சொல்வது? நானும் ஊதியிருக்கிறேன். அந்த வருடங்களில் ஆவணி தாண்ட மதகு வேலைகள் ஒவ்வொன்றாக நிற்கும். சனம் தவிசாளரைத் திட்டும், என்னைத் திட்டியதில்லை.

ஆதனவரி வேறு மாதிரி. கட்டடங்கள் நெருங்கிய இடம் என்று அறிவித்த பகுதிகளில்தான் பிரதேச சபை அதை அறவிடலாம். ஐந்து வருடத்துக்கு ஒருதரம் நடக்க வேண்டிய மதிப்பீடு நடப்பதில்லை. இரண்டு மாடி எழும்பிய வளவுக்கு ஓட்டுவீட்டுக் கால வரி. பதிவேட்டில் பாதிப் பேர் செத்தவர்கள். பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில். வீடு பூட்டிக் கிடக்கும். கட்டாதவனின் சாமானைக் கைப்பற்றச் சட்டத்தில் இடமுண்டு. காலையில் கோயிலில் கண்டு கும்பிட்ட மனிசனின் வீட்டுக்குள் பின்னேரம் எந்த வருமானப் பரிசோதகர் போய் நிற்பார்?

இதையெல்லாம் கேட்க 2023 மார்ச்சுக்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இருக்கவில்லை. சபைகளின் காலம் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போனது, செயலாளர்களே பாதீடு போட்டார்கள். 2024 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அதை அடிப்படை உரிமை மீறல் என்று சொன்னது. கணக்கு ஒழுங்காகக்கூட இருந்திருக்கலாம், ஆனால் "இது எப்பிடி வந்தது" என்று மேசைக்கு அங்காலை இருந்து கேட்க ஆளில்லை.

அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: ஒவ்வொரு வரவினத்துக்கும் பக்கத்தில் முந்திய மூன்று வருடத்தில் உண்மையாக வந்த தொகையைப் பென்சிலால் எழுது. இடைவெளி பெரிதான இரண்டை மட்டும் சபையில் கேள். பிறகு ஆதனவரி நிலுவைப் பட்டியலை வட்டாரம் வட்டாரமாகக் கேட்டு வாங்கு.

கேட்டாள். முத்திரைவரித் தொகையைக் குறைத்தார்கள். அதோடு இரண்டு ஒழுங்கைகள் போயின, அதில் ஒன்று அவளுடைய ஒழுங்கை. அதற்கு வீட்டிலும் ஏச்சு வாங்கினாளாம்.

தைமாதம் நிலுவைப் பட்டியலோடு வந்தவள் ஒன்றும் பேசாமல் ஒரு பெயரின் கீழ் விரலை வைத்தாள். என் அப்பாவின் பெயர். அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த பழைய வீடு. அண்ணன் மொன்றியலில், திறப்பு என்னிடம். பதினொரு வருட நிலுவை.

அடுத்த நாள் காலை சபைக்குப் போனேன். கருமபீடத்தில் இருந்த பொடியன் நான் வேலை பழக்கியவன். ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு, அதைக் கழித்துப் பற்றுச்சீட்டு எழுதினான். நிலுவைக்கும் ஏதாவது பார் என்று பகிடியாகக் கேட்டேன்.

"அதுக்குக் கழிவு இல்லை சேர், நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்" என்றான்.