ஒரு நாளும் விடாதீங்க

"இந்த மாத்திரையத் தின்னா கிட்னி போயிரும்னு சொல்லுதாங்களே, நெசமாம்மா?" என்று அவர் கேட்டபோது, பிரஷர் பார்க்கும் பட்டையை நான் அவர் கையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தேன். "மாத்திரை கெடுக்காது அண்ணாச்சி, பிரஷர்தான் கிட்னியக் கெடுக்கும். ஒரு நாளும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் சொன்னது பொய்யில்லை என்பதை இன்றைக்கும் சொல்வேன். டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரையை மட்டும் எடுத்தும் 160-க்குக் கீழே இறங்காத அழுத்தம் அவருக்கு. அதனால்தான் அதனுடன் குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரைக்கு மாற்றினேன். உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் பழைய நீர்மாத்திரை அது. சிறுநீரகம் நான்காம் நிலை வரை பழுதானவர்களுக்கே அதைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. 160 பேர் பங்கேற்ற அதில், 12 வாரங்களில் மேல் அழுத்தம் சுமார் 11 புள்ளி இறங்கியது. சிறுநீரகம் வடிகட்டத் தவறும்போது இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் ஏறியவர்கள் இருந்தார்கள், ஆனால் அது மீளக்கூடிய ஏற்றம். இவ்வளவையும் படித்திருந்ததால்தான் அந்தக் கேள்விக்கு நான் தயங்கவே இல்லை. தயங்கியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் கொத்தனார். அக்கினி நட்சத்திர நாட்களில் தளம் போடும் வேலையில் இருந்தபோது கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்திருக்கிறது. மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஆறு நாள் போட்டிருக்கிறார். அதற்குள் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டது. வலி மாத்திரை, வயிற்றுப்போக்கு, வெயில் எல்லாவற்றுக்கும் நடுவே காலையில் என் மாத்திரையையும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். சிறுநீர் ஏறக்குறைய நின்ற நிலையில் அவரைக் கூட்டி வந்தார்கள். முன்பு 1.1 இருந்த கிரியேட்டினின் அன்று 4.3. படுத்தபடியே சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே, மடிப்புகளில் சிமெண்டுத் தூள் படிந்த மாத்திரை அட்டை. "பாருங்கம்மா, ஒண்ணுகூட விடல" என்றார். குறை சொல்லும் குரலில்லை அது. சொன்னதைச் செய்த திருப்திதான் அதில் இருந்தது.

உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறது. வடிகட்டிக்குள் இரத்தம் வரும் நுண்குழாயைத் தளர்த்தி, வெளியேறும் குழாயைச் சுருக்கி, வடிகட்டும் அழுத்தத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். டைக்ளோஃபெனாக் முதல் குழாயைத் தளரவிடாது. டெல்மிசார்டான் இரண்டாவதைச் சுருங்கவிடாது. நீர்மாத்திரையோ இருக்கும் நீரையும் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த மூன்றும் சேர்வதன் ஆபத்தைக் காட்டிய பிரிட்டன் ஆய்வு 2013-லேயே வந்துவிட்டது. முதல் முப்பது நாட்களில்தான் ஆபத்து அதிகம் என்று அதில் இருக்கிறது. தெரிந்த விஷயம்தான். அவரிடம் சொல்லவில்லை.

வலி மாத்திரையை நான் எழுதிக் கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் குளோர்தாலிடோன் யூரிக் அமிலத்தை ஏற்றும்; அது மூட்டில் படிந்தால் இப்படித்தான் வீங்கி வலிக்கும். அந்தக் கட்டைவிரல் வீக்கத்துக்கே என் மாத்திரை காரணமாக இருந்திருக்கலாம். சிறுநீரகம் செயலிழந்த பிறகு பார்த்த யூரிக் அமிலம் எதையும் நிரூபிக்காது, அந்த நிலையில் அது எப்படியும் ஏறியிருக்கும். முன்பே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மருந்து தொடங்கி மூன்று வாரத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்கச் சொல்லிச் சீட்டு கொடுத்தேன். பார்த்தாரா என்று கேட்கவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுத்தான் அவர் ஆய்வகத்துக்குப் போக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

சலைன் ஏற்றி, மாத்திரைகளை நிறுத்தி, டயாலிசிஸ் இல்லாமலேயே மீண்டார். கிரியேட்டினின் 1.5-இல் நின்றுவிட்டது, பழைய அளவுக்கு வரவில்லை.

அதன்பின் எல்லோரிடமும், "வாந்தி பேதின்னா இந்த மாத்திரைய நிறுத்தி வைங்க, சாப்பாடு சரியானதும் தொடங்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். அப்படிச் சொல்லப்பட்ட ஒரு பூக்காரம்மா, இரண்டு நாள் பேதிக்கு நிறுத்தியவர், மூன்று மாதம் தொடங்கவே இல்லை. 210-க்கு 120 அழுத்தத்தோடு, இடது கை துவண்ட நிலையில் வந்தார். நிறுத்தச் சொன்னது அவர் மனதில் நின்றது. தொடங்கச் சொன்னது நிற்கவில்லை. கொத்தனாரிடம் நான் சொன்ன அந்த ஒரே வாக்கியம், அதன் எல்லாக் குறைகளோடும், இந்த அம்மாவைக் காப்பாற்றியிருக்கும். எந்த வாக்கியம் யாரிடம் எப்படிப் போய்ச் சேரும் என்று அரை நிமிடத்தில் கணிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. நேரம் கூடுதலாக இருந்தால் தெரிந்துவிடுமா என்பதும் சந்தேகமே.

கொத்தனார் இப்போதும் என்னிடம்தான் வருகிறார். அம்லோடிபின் என்ற வேறு பிரஷர் மாத்திரை கொடுக்கிறேன்; கணுக்கால் வீங்குகிறது, அழுத்தம் மறுபடி 158. படித்தபடி பார்த்தால் சிறிய அளவில் நீர்மாத்திரையைச் சேர்ப்பதே சரி. போன வாரம் அவரே கேட்டார்: "அந்தப் பழைய மாத்திரையே தாங்களேன்மா, அதுலதான் தலைசுத்து இல்லாம இருந்துச்சு." இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினேன். இந்த முறை ஆய்வகத்துக்கு நானே போன் செய்து, வேலை முடிந்து ஆறு மணிக்கு மேல் வந்தாலும் இரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மாத்திரையை இன்னும் எழுதவில்லை.