சுவரில் ஏறும் சாம்பல் கூடு

எங்கள் பக்கம் ஈரமில்லாத வீடு அபூர்வம். நாகர்கோவிலில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. குளியலறைக் கதவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், பீரோவை ஒட்டிய சுவரில், வெள்ளரி விதை போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க முடியாது. துடைப்பத்தால் தட்டிவிடுவோம். கொஞ்ச நாளில் வேறொன்று ஏறியிருக்கும். சுண்ணாம்பு பொரிந்து வருகிறது என்பார்கள் சிலர், சிலந்தி முட்டை என்பார்கள் சிலர். என் மாமியார் மட்டும், "அது புழு வீடு மக்ளே, ஒண்ணும் செய்யாது" என்பார். அவர் சொன்னதுதான் சரி. அது ஓர் அந்துப்பூச்சிப் புழு தனக்குக் கட்டிக்கொண்ட வீடு.

வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். தைக்க வரும் அக்காமார் இந்தக் கூட்டைச் சுவரில் பார்த்துவிட்டால், "துணியைத் தின்னுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அடுத்தவர் பட்டுப்புடவை என் பொறுப்பில் இருக்கும்போது எனக்கும் அது தெரிந்தாக வேண்டும். அப்படித்தான் இதைத் தேடிப் படிக்கவும், கைபேசியில் மேக்ரோ லென்ஸ் மாட்டி உட்கார்ந்து பார்க்கவும் ஆரம்பித்தேன்.

கூட்டை முதலில் பார்ப்போம். நீளம் 8 முதல் 14 மில்லிமீட்டர், அகலம் 3 முதல் 5. நடுவில் அகன்று இரண்டு நுனியும் ஒடுங்கியிருக்கும். நுனிகள் இரண்டும் திறப்புகள். புழு எந்தப் பக்கமும் தலை நீட்டும். ஒரு வாசலை விரலால் தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டு, சற்று நேரத்தில் மறு வாசலில் எட்டிப் பார்க்கும். நடுவில் அகலம் எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது: புழு உள்ளேயே உடம்பைத் திருப்பிக்கொள்ள அந்த இடம் வேண்டும். வாசல் ஓரங்கள் மெல்லியவை, உள்ளே இழுத்துக்கொண்டதும் மூடிக்கொள்ளும். எறும்பு வந்து மோதினால் தட்டையான மண்துண்டைத்தான் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும்.

உள்பக்கம் முழுக்கப் பட்டு. வெளிப்பக்கம் மணல், சுண்ணாம்புத் துகள், தூசி, நூல் பிசிறு, உதிர்ந்த பெயின்ட், பூச்சிகளின் எச்சம் என்று அந்த வீட்டில் கிடைக்கிற எல்லாமும். என் கடைச் சுவரில் ஏறும் கூடுகளில் லைனிங் துணியின் நீலப் பிசிறும் சிவப்பு நூல் தூளும் ஒட்டியிருக்கும். சமையலறைச் சுவரில் இருப்பவை வெறும் மண் நிறம்.

பனாமாவில் உள்ள ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் அனெட் ஐயெல்லோ இவற்றை வளர்த்துப் பார்த்து 1979-ல் எழுதியிருக்கிறார். முட்டையிலிருந்து வந்த புழு முதலில் தரையில் பட்டுநூலால் ஒரு வளைவு கட்டுகிறது. இரண்டு முனைகளும் தரையில் ஒட்டிய வளைவு. அதில் துகள்களைச் சேர்த்துச் சேர்த்துக் குழாயாக நீட்டுகிறது. கடைசியில் அடிப்பக்கத்தையும் மூடி, தரையிலிருந்து பிரித்தெடுத்தால் வீடு தயார். அப்புறம் வாழ்நாள் முழுக்க அதை இழுத்துக்கொண்டேதான் நடக்கும். உடம்பு வளர வளர வீட்டையும் பெரிதாக்கும்.

லென்ஸில் புழுவின் முன்பாதி மட்டும்தான் தெரியும். தலை அடர்பழுப்பு. அதை அடுத்த மூன்று உடற்பகுதிகளிலும் கறுத்த தகடுகள், பழுப்பு நிறத்தில் மூன்று ஜோடிக் கால்கள். வெளியே வருகிற பகுதிக்கு மட்டும் கவசம். கூட்டுக்குள்ளேயே இருக்கும் பின்னுடம்பு வெள்ளை வெளேரென்று மெத்தென்றிருக்கும்.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை இரண்டு உண்டு. வேலி மரங்களில் குச்சிகளை ஒட்டவைத்த பை ஒன்று தொங்குமே, அது சைக்கிடே குடும்பத்துப் பூச்சி, இலை தின்பது. நம் சுவர்ப்பூச்சி டினெய்டே குடும்பம். கம்பளித் துணிகளை அரிக்கும் பேர்பெற்ற துணிப்பூச்சிகளும் இதே டினெய்டேதான். அவற்றிலும் ஒன்று கூடு சுமக்கும், ஆனால் அந்தக் கூடு உருளையாக, துணி இழையால் ஆனது. தட்டையாக, நடு அகன்று, மண்ணும் தூசியும் ஒட்டியிருந்தால் அது ஃபெரியோயிக்கா பேரினம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

சரி, இது எதைத் தின்னுகிறது? மிகவும் பிடித்தது பழைய சிலந்தி வலை. பிறகு செத்த பூச்சிகள், உதிர்ந்த தலைமுடி, தோல் பொருக்கு, கம்பளி. முடியிலும் கம்பளியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தை அநேகப் பிராணிகளால் செரிக்க முடியாது. அதன் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. துணிப்பூச்சிப் புழுக்களின் குடலில் இருக்கும் காரத்தன்மை அந்தப் பிணைப்பை உடைக்க உதவுகிறது. ஒட்டடையும் முடியும் தின்று உயிர் வாழும் ஒரு ஜீவன் நம் அலமாரிக்கு அடியில் இருக்கிறது என்பதை நினைக்க எனக்கு இன்னமும் ஆச்சரியம் குறையவில்லை.

பருத்தியை இது சீண்டுவதில்லை. பாலியெஸ்டர் பிளவுஸ் துணிக்கும் பயமில்லை. ஆனால் பட்டும் விலங்குப் புரதம்தானே. அதனால் வாடிக்கையாளர் பட்டுப்புடவைகளை ஈரச் சுவரை ஒட்டி வைப்பதில்லை, மரப்பெட்டியில்தான்.

சுவரில் உயரத்தில் அசையாமல் இருக்கும் கூடு கூட்டுப்புழுப் பருவத்தைச் சேர்ந்ததாக இருக்கும். ஐம்பது நாள் போல வளர்ந்த புழு சுவரேறி, கூட்டின் இரண்டு நுனியையும் பட்டால் சுவரோடு ஒட்டிவிட்டு உள்ளே உருமாறும். 11 முதல் 23 நாளில் அந்து வெளியே வரும், பெரும்பாலும் நண்பகல் வாக்கில். அது போன பிறகு பொன்பழுப்பு நிறத்தில் ஒரு சருகுத் தோல் வாசலில் பாதி துருத்திக்கொண்டு நிற்கும். நீங்கள் பார்க்கும் கூட்டில் அந்தத் தோல் இருந்தால் வீடு காலி.

பூச்சியைப் பார்த்தவர்கள் குறைவு. பெண் அந்து சிறகு விரித்தால் 10 முதல் 13 மில்லிமீட்டர், ஆண் இன்னும் சிறியது, 7 முதல் 9. சாம்பல் நிற முன்சிறகில் நான்கு வரைக்கும் கறும்புள்ளிகள், பின்சிறகின் ஓரத்தில் வெளிர்நிற நீண்ட மயிர் வரிசை. ஆணுக்குப் புள்ளிகள் அவ்வளவு தெளிவாக இருக்காது. பகலில் மேஜைக்கு அடியிலோ சுவரும் தரையும் சேரும் இடுக்கிலோ உட்கார்ந்துவிடும். பெண் அந்த இடுக்குகளிலேயே தூசியோடு தூசியாக முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டு, சில நாளில் இறந்துவிடும். ஒரு முட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

இந்தப் பேரினத்தில் வீடுகளில் அதிகம் பேசப்படும் இனங்கள் இரண்டு: அலுட்டெல்லா, யூட்டெரெல்லா. அலுட்டெல்லாவை ஹான்ஸ் ரெபெல் 1892-ல் கனாரித் தீவுகளிலிருந்து விவரித்தார். இந்தியா, இலங்கை, ஜாவா, சேஷெல்ஸ் வரை அது பதிவாகியிருக்கிறது. யூட்டெரெல்லாவை வால்சிங்கம் பிரபு 1897-ல் விவரித்தார். அமெரிக்காவில் ஃபுளோரிடா வீடுகளில் அது சர்வசாதாரணம். இரண்டையும் வேறு சில துணிப்பூச்சிகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். ஹின்டனும் பிராட்லியும் 1956-ல்தான் ஃபெரியோயிக்கா என்று தனிப் பேரினம் பிரித்தார்கள்.

இணையத்தில் நம் ஊர்க் கூட்டுப் படங்களுக்குக் கீழே யூட்டெரெல்லா என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த இரண்டையும் கூட்டை வைத்துப் பிரிக்க முடியாது; வளர்ந்த பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நிபுணர்கள் முடிவு செய்கிறார்கள். அதனால் என் படங்களுக்கு நான் பேரினத்தோடு நிறுத்திவிடுகிறேன். பேரினம் மட்டும் சரியாக இருந்தாலே, அடுத்து வருபவருக்கு உபயோகம்.

மருந்து அடிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். இது கடிக்காது, நோய் கொண்டுவராது. சிலந்தி வலையும் ஈரமும் சேர்ந்தால் இது இருக்கும், இரண்டில் ஒன்று போனால் தானாகக் குறையும். ஒட்டடை அடித்து, பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டு, சன்னலைத் திறந்து காற்றோட வைத்தால் போதும். ஒட்டடை அடிக்கும் முன்பு கூட்டை மேலிருந்தும் பக்கவாட்டிலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இரண்டு நுனியும் தெரிய வேண்டும், பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். பூச்சி சிக்கினால் சிறகைப் பக்கவாட்டில் எடுங்கள், ஊரையும் தேதியையும் சேர்த்துப் போடுங்கள்.