11 மாத வாடகை ஒப்பந்தம் முடிகிறதா? நோட்டீஸை இப்போதே எழுதுங்கள்

ஓராண்டைத் தாண்டும் குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும் என்பதால்தான் நம் ஊரில் எல்லாரும் 11 மாதத்துக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள். ஆனால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

கெடு முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால் பழைய நிபந்தனைகளோடு மாதாமாதம் நீள்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுவும் ஆறு மாதம் வரைதான். "ஓனர் ஒண்ணும் சொல்லல, அப்படியே இருக்கலாம்" என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

காலி செய்வதென்றால் முதலில் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலத்தையும் லாக்-இன்னையும் (காலி செய்யாமல் இருந்தே ஆக வேண்டிய குறைந்தபட்சக் காலம்) பாருங்கள். ஒரு மாத நோட்டீஸ், வாடகை மாதம் 1-ஆம் தேதி தொடங்குகிறது, மே 31-இல் வீட்டை விடுகிறீர்கள் என்றால், ஏப்ரல் 30-க்குள் நோட்டீஸ் கடிதம் ஓனர் கையில் இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய தேதி கணக்கில்லை, அவருக்குக் கிடைத்த தேதிதான் கணக்கு. மே 5-இல் போனில் சொல்லிவிட்டு, ஜூன் வாடகையையும் கேட்கிறாரே என்று சண்டை போடுவதுதான் வழக்கமாக நடப்பது. வீட்டு முகவரி, ஒப்பந்தத் தேதி, காலி செய்யும் நாள், அட்வான்ஸ் தொகை, அதைப் போட வேண்டிய வங்கிக் கணக்கு, இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் செய்தி கூடுதல் சாட்சிதான், கடிதத்துக்கு மாற்று அல்ல.

"கடைசி ரெண்டு மாசத்தை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்பதை ஓனர் எழுதிக் கொடுக்காமல் செய்யாதீர்கள். இரண்டு மாத பாக்கியைக் காட்டியே வெளியேற்ற மனு போட முடியும்.

அட்வான்ஸை, பாக்கி ஏதும் இருந்தால் பிடித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். தகராறு பெரும்பாலும் பெயிண்டிங்கில்தான் வரும். ஒரு மாத வாடகையைப் பிடிப்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட் பழுது, கழிவுக் குழாய் அடைப்பு ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. இவற்றை நீங்களே சரிசெய்து பில்லை வைத்திருங்கள். சுவரில் அடித்த ஆணியைப் பிடுங்கிப் பட்டி பூசிவிடுங்கள்.

நீட்டிப்பதென்றால் பழைய தாளில் தேதியை மட்டும் திருத்தாமல் புதிய ஒப்பந்தமே போடுங்கள். "முன்பு கொடுத்த அட்வான்ஸ் தொகையே இதிலும் தொடர்கிறது" என்ற வரியும், வாடகை உயர்வு எத்தனை சதவீதம், எந்த மாதத்திலிருந்து என்பதும் அதில் இருக்கட்டும்.

சாவி கொடுக்கும் நாளில் ஈ.பி. மீட்டர் ரீடிங்கைப் படம் எடுங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் நடுவில் காலி செய்தால் அந்த ரீடிங் வரைக்கும்தான் உங்கள் பங்கு. சாவி பெற்றுக்கொண்டதாகவும், மீதித் தொகையை எந்தத் தேதிக்குள் தருவார் என்றும் இரண்டு பிரதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டபின் சாவியைக் கொடுங்கள்.