"கியர்பாக்ஸ் இறக்கணும் சார்": பழைய சிட்டி ஆட்டோமேட்டிக்கில் சிமிட்டிய டி விளக்கு

இறக்கவில்லை. கடைசியில் மாற்றியது ஒரே ஒரு ஸ்பீடு சென்சார், கூடவே அதன் ஓ-ரிங் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்). அதற்குள் இரண்டு ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கி, முக்கால் லட்சத்தைத் தாண்டிய ஓவர்ஹால் எஸ்டிமேட் ஒன்றும் கைக்கு வந்துவிட்டது. இதே வண்டி வைத்திருப்பவர்கள் அந்தச் சுற்றைச் சுற்ற வேண்டாம்.

வண்டி 2010 ஹோண்டா சிட்டி 1.5, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். காலையில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். இருபது, இருபத்தைந்து நிமிடம் டிராஃபிக்கில் ஊர்ந்த பிறகு, இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது பின்னால் யாரோ இடித்த மாதிரி ஒரு உதறல். மீட்டரில் டி எழுத்து சிமிட்டத் தொடங்கும். ஓரங்கட்டிச் சாவியை அணைத்துப் போட்டால் சிமிட்டல் நின்றுவிடும். இதில்தான் எல்லோரும் ஏமாறுவது. விளக்கு நின்றாலும் எர்ரர் கோட் கம்ப்யூட்டரின் நினைவில் இருக்கும்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ராத்திரி நிறுத்திவைத்து, காலையில் ஆறின இன்ஜினோடு தெருவைச் சுற்றி வந்து "எல்லாம் நார்மல்" என்று எழுதிக் கொடுத்தார்கள். போதாக்குறைக்கு "ரீசெட் பண்ணிட்டோம்" என்று பேட்டரி டெர்மினலையும் கழற்றி மாட்டியிருந்தார்கள். நினைவில் இருந்த கோட் அத்தோடு போச்சு. வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் எழுத வைக்க வேண்டியது: "சூடான பிறகுதான் வரும்; ஸ்கேன் செய்யும்வரை பேட்டரியைக் கழற்றக் கூடாது." சிமிட்டுவதை போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வாய் வார்த்தையை நம்பாத சர்வீஸ் அட்வைசர்கூட வீடியோவைப் பார்த்தால் இறங்கி வருவார்.

இரண்டாவது இடத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவி "ஆயில் கம்மி" என்றார்கள். டொயோட்டா, ஹூண்டாய் ஆட்டோமேட்டிக்குகளில் இன்ஜினை ஓடவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். ஹோண்டாவில் அப்படியில்லை. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் அளவுக்குச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 60 முதல் 90 நொடிக்குள் பார்க்க வேண்டும். ஓடும்போது ஆயிலில் ஒரு பகுதி மேலே சுற்றிக்கொண்டிருப்பதால் டிப்ஸ்டிக்கில் குறைவாகத்தான் தெரியும். அதை நம்பி ஊற்றினால் அளவு மீறும். மீறினால் உள்ளே சுழலும் கியர்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். பிரஷர் நிலையாக நிற்காது. இல்லாத கோளாறை நாமே உண்டாக்கின கதை.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஊற்றுவதற்காக எடுத்து வந்த கேன். சிவிடி (படிப்படியான கியர் இல்லாத வேறு வகை ஆட்டோமேட்டிக்) ஆயில்! "சிட்டி ஆட்டோமேட்டிக்னா சிவிடிதானே சார்?" இல்லை. 2003-இல் வந்த தலைமுறையும் 2014-இல் வந்ததும் சிவிடி. நடுவில் 2008 கடைசியிலிருந்து 2013 வரை விற்றது டார்க் கன்வெர்ட்டரும் (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) ஐந்து கியரும் உள்ள சாதாரண ஆட்டோமேட்டிக். இதற்கு ஏடிஎஃப் எனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்தான். பழைய புத்தகத்தில் இசட்-1 என்று இருக்கும்; அதற்குப் பதிலாக வந்தது டிடபிள்யூ-1. இரண்டும் கலந்தாலும் பாதகமில்லை. சிவிடி ஆயிலின் உராய்வுத் தன்மையே வேறு. இந்த கிளட்ச் தட்டுகளுக்கு ஒத்துவராது. மூடி திறக்கும்போது பக்கத்தில் நின்று லேபிளைப் படித்ததால் தப்பித்தது. ஏசி வெயிட்டிங் ரூமில் காபி குடித்துக்கொண்டிருந்தால் அவ்வளவுதான்.

ஆயிலை எப்படியும் மாற்ற வேண்டிய வயசுதான். கீழே டிரெய்ன் பிளக்கில் சதுரக் குழி இருக்கும். 3/8 அங்குல ராட்செட்டின் முனை நேராக அதில் உட்காரும், சாக்கெட் தேவையில்லை. பிளக்கின் காந்தத்தில் கருப்பு மை மாதிரி பசை இருந்தால் பயப்பட வேண்டாம், அது தேய்மானம். துண்டு துண்டாக உலோகம் ஒட்டியிருந்தாலோ, ஆயிலில் தீய்ந்த நாற்றம் அடித்தாலோதான் "இறக்கணும்" என்ற பேச்சுக்கே இடம். எங்களுடையதில் பசை மட்டும்.

ஒரு முறை திறந்தால் சுமார் இரண்டரை லிட்டர்தான் வரும், உள்ளே இருப்பதில் பாதிக்கும் குறைவு. மீதி டார்க் கன்வெர்ட்டரில் நிற்கும். அதனால் வடித்து, நிரப்பி, எல்லா கியரும் விழும்படி கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடித்து என்று மூன்று சுற்று. எட்டு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று சுற்றுக்குப் பிறகும் ஆறில் ஒரு பங்கு பழசு இருக்கும், பரவாயில்லை. மெஷின் வைத்து ஃபிளஷ் செய்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாஷர் புதுசு போட்டு, பிளக்கை 49 நியூட்டன் மீட்டரில் முறுக்க வேண்டும்.

ஆயில் மாற்றியும் உதறல் போகவில்லை. இந்த முறை சூடான வண்டியில், இன்ஜினை அணைக்காமலே ஸ்கேன். விலை குறைந்த புளூடூத் ஸ்கேனரில் பி0700 மட்டும் வந்தால், கியர்பாக்ஸ் பக்கம் வேறு ஏதோ கோட் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. ஹோண்டாவின் கோட் படிக்கும் ஸ்கேனர் காட்டியது பி0716: மெயின்ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சி கியர்பாக்ஸுக்குள் நுழையும் ஷாஃப்ட்) ஸ்பீடு சென்சார். லைவ் டேட்டாவில் வண்டி நாற்பதில் போய்க்கொண்டிருக்க, மெயின்ஷாஃப்ட் வேகம் 1,600 ஆர்பிஎம், 1,580, சட்டென்று பூஜ்யம், மறுபடி 1,600. நாற்பதில் ஓடும் வண்டியில் அந்த ஷாஃப்ட் நொடியில் நின்று நொடியில் சுற்றுமா? பொய் சொல்வது சென்சார்.

கிளட்ச் எவ்வளவு வழுக்குகிறது என்பதை இந்த வேகத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். கணக்கு தெரியாவிட்டால் பாதுகாப்புக்காக ஆயில் பிரஷரை ஏற்றிவிடும். அந்த பிரஷர்தான் இடி.

கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தோம். மழைத்தண்ணீரில் ஓடிய வண்டி என்றால் அதன் உலோகக் கால்களில் (பின்களில்) பச்சை பூத்திருக்கும். கான்டாக்ட் கிளீனரிலேயே வேலை முடிந்துவிடலாம். இதில் சுத்தமாக இருந்தது. ஒரே போல்ட்டைக் கழற்றி, புது ஓ-ரிங்கில் ஏடிஎஃப் தடவி, புது சென்சாரைச் செருகி, எர்ரர் கோடையும் ஸ்கேனரில் அழித்தாயிற்று. கால் மணி நேர வேலை.

பேட்டரி கழற்றப்பட்டிருந்ததால் ஐடில் லேர்னும் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓட வேண்டிய வேகத்தை கம்ப்யூட்டருக்குப் பழக்குவது) செய்ய வேண்டும். ஏசி, விளக்கு எல்லாம் அணைத்து, பார்க்கில் வைத்து 3,000 ஆர்பிஎம்மில் ஃபேன் ஓடும்வரை பிடித்து, பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றாலும் டி சிமிட்டவில்லை. ரிவர்ஸ் போடும்போது ஒரு சின்ன தட்டு மட்டும் மிச்சம். பானெட்டைத் திறந்து, முன்னால் ஆள் யாரும் நிற்காமல், பிரேக்கை அழுத்திப் பிடித்து டி, ஆர் மாற்றிப் பார்த்தால் இன்ஜின் எழும்பி உட்காருகிறது. அது இன்ஜினைத் தாங்கும் மவுன்ட்டின் கோளாறு.